தின் கிளையன்ட், ஜீரோ கிளையன்ட்: மெய்நிகர் மேசைக்கணினிக்கு எதைத் தேர்வது?

தின் கிளையன்ட், ஜீரோ கிளையன்ட் என்பவை வேறோர் இடத்தில் உள்ள சர்வரில் இயங்கும் கணினியைப் பயனரின் மேசையில் காட்டும் சிறு கருவிகள். கணக்கிடுவது, நினைவில் வைப்பது, கோப்பைச் சேமிப்பது எல்லாம் சர்வரில் நடக்கின்றன. மேசையில் உள்ள கருவி திரைக்குப் படத்தை அனுப்புகிறது; விசைப்பலகையிலும் மவுசிலும் நாம் செய்வதைச் சர்வருக்குத் தெரிவிக்கிறது. இவ்வாறு வலையமைப்பின் வழியே வந்து சேரும் கணினித் திரைக்கு மெய்நிகர் மேசைக்கணினி என்று பெயர். இவ்விரு கருவிகளும் பார்ப்பதற்கு ஒன்றுபோல் உள்ளங்கையளவு அல்லது ஒரு பாடநூல் அளவுப் பெட்டிகளாக இருப்பதால், வாங்குபவர் பலரும் விலையை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுத்து விடுகின்றனர். இரண்டுக்கும் உள்ளே இருக்கும் வேறுபாடு பெரிது. அது வாங்கிய அன்று தெரியாது. மூன்றாம், நான்காம் ஆண்டில்தான் தெரியவரும்.

பள்ளியின் மதிய உணவு மையத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே உலை வைப்பதில்லை. சமையல் ஓரிடத்தில் நடக்கிறது. பிள்ளைகள் தட்டுடன் வருகின்றனர். சமையல்கூடம்தான் சர்வர். ஜீரோ கிளையன்ட் வெறும் தட்டு. தின் கிளையன்ட், தட்டோடு ஒரு சிறு அடுப்பையும் கையில் வைத்திருக்கும் பிள்ளை. சமையல்கூடம் ஒருநாள் மூடியிருந்தாலும் கஞ்சியாவது காய்ச்சிக்கொள்ளலாம். சாதாரண மேசைக்கணினி என்பது முழுச் சமையலறையையே தூக்கிக்கொண்டு வருவது.

தமிழ்நாட்டில் இந்த அமைப்பு எங்கோ பெருநிறுவனங்களில் மட்டும் இருப்பதன்று. 2019 ஆம் ஆண்டையொட்டி 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கும் திட்டம் நடைமுறைக்கு வந்தது. உயர்நிலைப் பள்ளிக்கு 10, மேல்நிலைப் பள்ளிக்கு 20 என்பது இருக்கைக் கணக்கு. ஒரு சர்வரும் அதனோடு இணைந்த தின் கிளையன்ட்களும் என்ற முறையில் இயங்கும் ஆய்வகங்களை நம் மாணவர்கள் பலர் பார்த்திருப்பார்கள். அந்தப் பெட்டியை "சிபியு" என்று அழைக்கும் வழக்கமும் பள்ளிகளில் உண்டு. அது சரியன்று, உண்மையான "சிபியு" அறையின் மூலையில் உள்ள சர்வரில் இருக்கிறது.

சர்வரில் நடப்பது என்ன?

கருவியைத் தேர்வதற்குமுன் சர்வரில் இரு முறைகள் இருப்பதை அறிய வேண்டும். முதல் முறையில் ஒரே இயங்குதளத்தைப் பலர் பகிர்ந்துகொள்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனி அமர்வு திறக்கப்படும். ஆனால் அடியில் உள்ள விண்டோஸோ லினக்ஸோ ஒன்றுதான். இரண்டாம் முறையில் ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெய்நிகர் கணினியே உருவாக்கப்படும். அதற்கென்று தனி இயங்குதளம், தனி நினைவகப் பங்கு உண்டு. விடிஐ என்ற சுருக்கப் பெயர் இந்த இரண்டாம் முறையையே குறிக்கும்.

20 மாணவர் உள்ள ஆய்வகத்துக்கு எடுத்துக்காட்டாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு மெய்நிகர் கணினிக்கும் 4 ஜிபி நினைவகம் என்றால் 20 பேருக்கு 80 ஜிபி. சர்வரின் சொந்தத் தேவையையும் சேர்த்தால் 96 ஜிபி அல்லது 128 ஜிபி பொருத்த வேண்டியிருக்கும். பகிர்வு முறையில் ஆளுக்கு 1 முதல் 1.5 ஜிபி போதும் என்று கொண்டால், 32 அல்லது 48 ஜிபியில் வகுப்பு நடந்துவிடும். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பாடத்தையும் ஒரே செயலியையும் திறக்கும் பள்ளிக்குப் பகிர்வு முறையே பொருந்தும். ஒரு பிள்ளை செய்யும் மாற்றம் அடுத்தவரைப் பாதிக்கக்கூடாத மென்பொருள் பயிற்சி நிலையத்துக்கு விடிஐ வேண்டும்.

இந்தத் தீர்மானத்தை எடுக்காமல் பெட்டியின் விலையைப் பேசுவது, மாட்டை விட்டுவிட்டுக் கயிற்றுக்கு விலை பேசுவதாகும். மொத்தச் செலவில் பெரும்பகுதி சர்வருக்கும், உரிமங்களுக்கும், மின்காப்புக்கும்தான் போகும்.

இரண்டு பெட்டிகளும் உள்ளே எப்படி இருக்கும்?

தின் கிளையன்டுக்குள் ஒரு சிறு கணினி முழுமையாக இருக்கிறது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் செயலி, சில ஜிபி நினைவகம், சிறிய பிளாஷ் சேமிப்பகம், அதில் சுருக்கப்பட்ட லினக்ஸ் அல்லது விண்டோஸின் தனிப்பதிப்பு. பெரும்பாலும் விசிறி இல்லை. எனவே ஓசையும் இல்லை, தூசி உள்ளிழுப்பதும் குறைவு. சர்வரோடு பேசும் மொழிக்கு நெறிமுறை என்று பெயர். மைக்ரோசாஃப்டின் ஆர்டிபி, சிட்ரிக்ஸின் ஐசிஏ, விஎம்வேர் உருவாக்கிய பிளாஸ்ட் எனப் பல நெறிமுறைகள் உள்ளன. தின் கிளையன்டில் இவை மென்பொருளாக நிறுவப்படுவதால், ஒன்றை நீக்கி வேறொன்றைப் போடலாம். பல மாதிரிகளில் உலாவியும் உண்டு. சர்வர் நின்றுபோனாலும் இணையம் இருந்தால் ஒரு பக்கத்தையாவது திறக்கலாம்.

இவ்வசதிக்கு விலையும் உண்டு. உள்ளே இயங்குதளம் இருப்பதால் அதற்குப் பாதுகாப்புப் புதுப்பித்தல் வேண்டும், அமைப்புகளை யாராவது மாற்றிவிடாமல் பூட்ட வேண்டும். 20 பெட்டிகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் மென்பொருள் இல்லாவிட்டால், ஆசிரியர் ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்க்க வேண்டியதுதான்.

ஜீரோ கிளையன்டில் பொதுப்பயன் இயங்குதளம் இல்லை. ஒரு குறிப்பிட்ட நெறிமுறையை மட்டும் விரித்துத் திரையில் காட்டுவதற்கென்றே அமைந்த சில்லும், அதை இயக்கும் சிறு நிலைபொருளும் மட்டுமே இருக்கும். மின்விசையைப் போட்ட சில நொடிகளில் தயாராகிவிடும். வைரஸ் குடியேற இடமில்லை. திருடிச் சென்றாலும் அதில் ஒரு கோப்பும் கிடைக்காது. பழுதானால் கழற்றிவிட்டு இன்னொன்றைச் செருகினால் போதும். கணினி அறிவு அதிகம் இல்லாத பணியாளரே இதைச் செய்துவிடலாம். மருத்துவமனை, வங்கிக்கிளை, கட்டட வரைபடம் தயாரிக்கும் நிறுவனம் போன்ற இடங்களில் இதை விரும்பியதற்குக் காரணம் இதுவே.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். "ஜீரோ" என்ற பெயருக்குக் காவல் இல்லை. உள்ளே சிறிய லினக்ஸை வைத்துக்கொண்டு ஜீரோ கிளையன்ட் என்று விற்கப்படும் பெட்டிகளும் சந்தையில் உண்டு. எனவே பெயரைப் பார்க்காமல், எத்தனை நெறிமுறைகளைப் புரிந்துகொள்ளும், நிலைபொருளை யார் எத்தனை ஆண்டு புதுப்பித்துத் தருவார், சர்வர் மென்பொருளை மாற்றினால் இது வேலை செய்யுமா என்று கேட்க வேண்டும்.

ஒரே மொழி தெரிந்த கருவியின் கதி

இந்தக் கேள்விகள் ஏட்டுச்சுரைக்காய் அல்ல என்பதற்குப் பிசிஓஐபி என்னும் நெறிமுறையின் வரலாறு நல்ல சான்று. கனடாவைச் சேர்ந்த டெராடிசி நிறுவனம் இதை உருவாக்கியது. திரைப்படத்தைப் புள்ளிப்புள்ளியாகச் சுருக்கி அனுப்பி, மறுமுனையில் ஒரு சிறப்புச் சில்லில் விரிப்பது இதன் வழி. 2009 இல் விஎம்வேர் நிறுவனம் தன் மெய்நிகர் மேசைக்கணினி மென்பொருளில் இதைச் சேர்த்தது. அந்தச் சில்லைக் கொண்ட ஜீரோ கிளையன்ட்களைப் பல நிறுவனங்கள் தயாரித்து விற்றன. படத்தின் தெளிவும் வேகமும் பாராட்டப்பட்டன.

2016 இல் விஎம்வேர் தனக்கென்று பிளாஸ்ட் எக்ஸ்ட்ரீம் என்ற நெறிமுறையைக் கொண்டுவந்தது. மென்பொருள் வழி இயங்கிய தின் கிளையன்ட்களுக்கு அது ஒரு புதுப்பித்தல் மட்டுமே. பிசிஓஐபி சில்லைக் கொண்ட ஜீரோ கிளையன்ட்களோ அதைக் கற்க முடியாது. அவற்றின் அறிவு சிலிக்கானில் பதிக்கப்பட்டது. 2021 இல் டெராடிசியை எச்பி வாங்கியது. விஎம்வேரின் மேசைக்கணினிப் பிரிவு 2024 இல் ஆம்னிசா என்ற தனி நிறுவனமாகப் பிரிந்தது. உரிமையாளர்கள் மாறினர், முன்னுரிமைகளும் மாறின. பழுதில்லாமல் ஓடும் பெட்டிகளை வைத்திருந்தவர்கள், அவற்றோடு பேசும் சர்வர் மென்பொருளைத் தேடும் நிலைக்கு வந்தனர். கருவி கெட்டுப்போகவில்லை, அது பேசும் மொழியை மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

பள்ளிகளுக்கு நெருக்கமான இன்னொரு கதை என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தினுடையது. ஒரு கணினியைப் பலர் பகிரும் மலிவான சிறு பெட்டிகளை அது தயாரித்தது. மாசிடோனியா அரசு 2007 இல் தன் பள்ளிகளுக்கு 1,80,000 இருக்கைகளை இம்முறையில், உபுண்டு லினக்ஸோடு அமைக்க முடிவெடுத்தது. 2008 இல் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தில் 5,000 அரசுப் பள்ளிகளுக்கு இதே நிறுவனத்தின் கருவிகள் தேர்வாயின. தனித்தனிக் கணினி வாங்குவதைவிடச் செலவு வெகுவாகக் குறைந்தது. மின்சாரமும் ஒரு பெட்டிக்குச் சில வாட் மட்டுமே. ஆனால் அப்பெட்டிகள் அந்நிறுவனத்தின் நெறிமுறையையே பேசும்; அதன் விஸ்பேஸ் மென்பொருளையே நம்பியிருக்கும். விண்டோஸ் பதிப்பு மாறும்போது விஸ்பேஸும் மாற வேண்டும்; விஸ்பேஸின் புதிய பதிப்பில் பழைய மாதிரிகள் பலவற்றுக்கு இடமில்லை. விண்டோஸ் 7 க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 இல் முடிந்தது. பழைய பெட்டிக்காகப் பழைய விண்டோஸை வைத்துக்கொள்வதா, பாதுகாப்புக்காக விண்டோஸை மாற்றிப் பெட்டிகளைக் கழிப்பதா என்ற சிக்கல் இத்தகைய ஆய்வகங்களுக்கே உரியது.

சென்னையிலும் ஒரு முயற்சி நடந்தது. இன்றைய மாணவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ராஜேஷ் ஜெயின், ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா, அனலாக் டிவைசஸ் நிறுவனத்தை நிறுவிய ரே ஸ்டாட்டா ஆகியோர் சேர்ந்து நோவாட்டியம் என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். சுமார் 100 டாலர் விலையில் ஒரு வலைக் கணினியை வீடுகளுக்குக் கொடுத்து, கணினியையே மாதக் கட்டணச் சேவையாக்குவது அவர்கள் எண்ணம். கேபிள் டிவிபோலக் கணினி. எண்ணம் நேர்த்தியானது. ஆனால் அன்றைய வீட்டு இணைய இணைப்புகளின் வேகம், நிலைத்தன்மை, பின்னர் மடிக்கணினி, செல்பேசி விலைகள் சரிந்த வேகம் இவற்றையெல்லாம் பார்க்கும்போது, அது காலூன்றாமல் போனதில் வியப்பில்லை. கருவியின் விலை தடையாக இருந்ததாக நான் கருதவில்லை. சர்வருக்கும் வீட்டுக்கும் இடையே உள்ள கம்பிதான் தடை.

கம்பியின் நீளம்

இனி நம் பகுதிக்கு வருவோம். வடக்கனந்தல், கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையின் அடிவாரப் பகுதியிலுள்ள பேரூர். கச்சிராயபாளையமும் கோமுகி அணையும் அருகில்; மேலே ஏறினால் வெள்ளிமலை. மலையில் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. செல்பேசிக்குச் சிக்னல் கிடைக்க மேட்டைத் தேடிப் போகும் சிற்றூர்கள் இன்றும் உண்டு. பாரத்நெட் திட்டத்தின்கீழ் மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுசெல்லும் பணி டான்பிநெட் நிறுவனத்திடம் உள்ளது. ஆயினும் மலைப்பாதையில் ஒரு மரம் விழுந்தால் கம்பி அறுந்துபோகலாம் என்பதை மனத்தில் வைத்தே திட்டமிட வேண்டும்.

1920 × 1080 புள்ளிகள் கொண்ட திரையை, புள்ளிக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 30 முறை அப்படியே அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் ஆகும். மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். எந்த ஊர் இணைப்பும் இதைத் தாங்காது. அதனால்தான் நெறிமுறைகள் திரையில் மாறிய பகுதியை மட்டும் எடுத்துச் சுருக்கி அனுப்புகின்றன. ஒருவர் கட்டுரை தட்டச்சு செய்யும்போது தேவை சில நூறு கிலோபிட்தான். அதே மாணவர் வீடியோ பார்த்தால் பல மெகாபிட் ஆகிவிடும். 20 பேரும் ஒரே நேரத்தில் வீடியோவை ஓட்டும்போது ஆய்வகம் திணறுவது இதனால்தான். பெட்டியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அளவைவிடத் தாமதம் முக்கியம். ஒரு விசையை அழுத்தி, அது சர்வருக்குப் போய், எழுத்து திரும்பித் திரைக்கு வர 100 மில்லிநொடிக்குள் ஆனால் கை உணராது. 200 ஐத் தாண்டினால் எழுத்து விரலுக்குப் பின்னால் ஓடிவரும். தட்டச்சு பழகும் பிள்ளை, விசை பதியவில்லை என்று நினைத்து மறுபடி அழுத்தும். சர்வர் அதே அறையில் இருந்தால் தாமதம் ஒரு மில்லிநொடி அளவுக்குள் அடங்கிவிடும்.

ஆகவே கேள்வி இது: சர்வர் எங்கே இருக்கிறது? அதே வளாகத்தில் இருந்தால் ஜீரோ, தின் இரண்டுமே நன்றாக ஓடும். அப்போது தேர்வு, ஆயுள், நிர்வாகம் பற்றியது. சர்வர் சென்னையிலோ மும்பையிலோ மேகக் கணிமையிலோ இருந்தால், இணைப்பு அறுந்த நொடியில் ஜீரோ கிளையன்ட் ஒரு பெட்டி மட்டுமே. மைக்ரோசாஃப்ட் 2025 இல் 349 டாலர் விலைக்கு வெளியிட்ட விண்டோஸ் 365 லிங்க் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மேகத்திலுள்ள விண்டோஸோடு இணைவதைத் தவிர அதற்கு வேறு வேலை தெரியாது. இணைப்பு ஒருநாளும் நிற்காத பெருநகர அலுவலகத்துக்கு அது கச்சிதம். மலைமேல் உள்ள பள்ளிக்கு அதை வாங்கித் தருபவர் நல்ல எண்ணத்தோடு தந்தாலும், மழைக்காலத்தில் அது மூலையில்தான் கிடக்கும்.

மின்வெட்டில் கிடைக்கும் ஓர் ஆதாயம்

நம் ஊர்ச் சூழலில் இவ்வமைப்பின் மிகப்பெரிய நன்மையைப் பலர் கவனிப்பதில்லை. சாதாரணக் கணினியில் மின்சாரம் போனால் சேமிக்காத வேலை போய்விடும். இங்கே வேலை சர்வரில் நடக்கிறது. சர்வருக்கும், வலையமைப்பு ஸ்விட்சுக்கும் யூபிஎஸ் இருந்தால், மேசைப் பெட்டிகள் அணைந்தாலும் அமர்வு உயிரோடிருக்கும். மின்சாரம் வந்ததும் மாணவர் மீண்டும் நுழைந்தால், பாதி எழுதிய வாக்கியம் அதே இடத்தில் காத்திருக்கும். இணைப்பு அறுந்த அமர்வை உடனே மூடிவிடாமல் 30 நிமிடமாவது வைத்திருக்கும்படி சர்வரில் அமைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் இந்த ஆதாயம் கிடைக்காது.

மின்செலவையும் பார்க்கலாம். மானிட்டர்கள் இரு முறைக்கும் பொது என்பதால் அவற்றை ஒதுக்கிவிடுவோம். ஒரு மேசைக்கணினிப் பெட்டி 80 வாட் எடுக்கிறது என்று கொண்டால் 20 க்கு 1,600 வாட். தின் கிளையன்ட் 10 வாட் வீதம் 200 வாட், சர்வர் 400 வாட், ஆக 600 வாட். ஜீரோ கிளையன்ட் இன்னும் சில வாட் குறையலாம். தின்னுக்கும் ஜீரோவுக்கும் இடையிலான மின்செலவு வேறுபாடு சிறிது. விற்பனையாளர் அதைப் பெரிதாக்கிக் காட்டினால் நம்பி முடிவெடுக்க வேண்டாம். இரண்டுக்கும் மேசைக்கணினிக்கும் உள்ள வேறுபாடுதான் பெரிது. யூபிஎஸ் மின்கலத்தின் அளவும் அதற்கேற்பக் குறையும்.

இதன் மறுபக்கமும் உண்டு. மேசைக்கணினி ஒன்று கெட்டால் ஒரு பிள்ளைக்கு வேலை இல்லை. சர்வர் கெட்டால் 20 பேருக்கும் வேலை இல்லை. இடி விழுந்து சர்வரின் மின்வழங்கிப் பகுதி எரிந்து, மாற்றுப் பகுதி வருவதற்குள் ஒரு பருவமே கழிந்துவிட்ட ஓர் ஆய்வகத்தை நான் அறிவேன். இருபது பெட்டிகளும் ஒரு கீறல்கூட இல்லாமல் வரிசையாக அமர்ந்திருந்தன. பிள்ளைகள் புத்தகத்தில் படம் பார்த்துக் கணினி படித்தனர். சர்வருக்கு இரட்டை மின்வழங்கி, ஒன்றன் படியை மற்றொன்று வைத்திருக்கும் இரு வன்தட்டுகள், நல்ல நிலத்தொடர்பு இவற்றில் மிச்சம் பிடிக்கக்கூடாது. சர்வரை நம்பாத இரண்டு மூன்று தனிக்கணினிகளையும் ஆய்வகத்தில் வைத்திருப்பது நல்லது. உலாவி உள்ள தின் கிளையன்டாக இருந்தால், அந்தப் பருவத்தில் இணையவழிப் பாடத்தையாவது பார்த்திருக்கலாம்.

தமிழ்த் தட்டச்சும் பிற கருவிகளும்

எழுத்துருக்கள் சர்வரில் இருப்பதால் ஒருமுறை நிறுவினால் எல்லாருக்கும் கிடைக்கும். வானவில் எழுத்துருவில் அமைந்த பழைய அலுவலகக் கோப்பும், யூனிகோடுக் கோப்பும் எந்த இருக்கையிலும் ஒரேமாதிரி தெரியும். இது சிறிய நன்மையன்று. தமிழ்99 விசைப்பலகை மென்பொருளையும் சர்வரில்தான் நிறுவ வேண்டும். தின் கிளையன்டின் உள் இயங்குதளத்தில் ஒரு விசைப்பலகை அமைப்பும் சர்வரில் இன்னொன்றும் இருந்தால், அழுத்தும் விசை ஒன்றாகவும் வரும் எழுத்து வேறாகவும் ஆகும். உள்ளே ஆங்கில அமைப்பை மட்டும் வைத்து, தமிழை முழுவதும் சர்வரிடம் விட்டுவிட்டால் குழப்பம் தீரும். ஜீரோ கிளையன்டில் உள் இயங்குதளமே இல்லாததால் இந்தக் குழப்பத்துக்கு இடம் குறைவு.

மொழி ஆய்வகத்தில் பேச்சுப் பயிற்சி நடத்த ஒலி இருபுறமும் போக வேண்டும். சில மலிவான ஜீரோ பெட்டிகளில் கேட்க முடியும், பேச முடியாது. அல்லது பேசினால் குரல் தாமதித்துச் சேரும். ஹெட்செட்டைச் செருகிப் பதிவுசெய்து கேட்டுப் பார்க்காமல் வாங்கக்கூடாது. இ-சேவை மையம்போன்ற இடத்தில் விரல்ரேகைக் கருவி, ஸ்கேனர், ரசீது அச்சுப்பொறி எல்லாம் யூஎஸ்பி வழியே இணைய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இயக்கி மென்பொருள் சர்வரில் ஓட வேண்டும்; கருவியின் தகவல் நெறிமுறைக்குள் புகுந்து போக வேண்டும். இங்கே ஜீரோ கிளையன்ட் பெரும்பாலும் தொல்லைதான். தின் கிளையன்டே சில கருவிகளோடு ஒத்துப்போகாது. இதற்குச் சாதாரணக் கணினியே மேல் என்று சொல்லவும் தயங்க வேண்டியதில்லை.

உரிமச் செலவு

லினக்ஸ் சர்வரைப் பகிர்வு முறையில் இயக்கினால் இயங்குதளத்துக்கு உரிமக் கட்டணம் இல்லை. ஜிம் மெக்குவிலன் 1999 இல் தொடங்கிய எல்டிஎஸ்பி திட்டம், வன்தட்டு இல்லாத கணினியையும் சர்வரிலிருந்தே துவக்கிவிடும். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழ்நாடு அரசின் மடிக்கணினிகள் வழியே நம் மாணவர்களுக்கு முன்பே அறிமுகமானது. விண்டோஸ் என்றால் கணக்கு வேறு. பகிர்வு முறையில் ஒவ்வொரு பயனருக்கோ கருவிக்கோ அணுகல் உரிமம் வேண்டும். விடிஐ முறையில், சொந்தமாக விண்டோஸ் உரிமம் இல்லாத தின், ஜீரோ கருவிகள் மெய்நிகர் விண்டோஸைத் திறப்பதற்கென்றே தனிச் சந்தா உரிமம் தேவைப்படும். பெட்டியில் விண்டோஸ் இல்லை, ஆகவே விண்டோஸ் செலவும் இல்லை என்று கருதுவது தவறு.

பணம் குறைவான நிறுவனம் புதிதாக எதுவும் வாங்காமலும் தொடங்கலாம். விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் பல பள்ளிகளில் தேங்கிக் கிடக்கின்றன. அவற்றில் சிறிய லினக்ஸை ஏற்றியோ, வலையமைப்பு வழியே துவக்கியோ தின் கிளையன்டாக மாற்றலாம். மின்சாரம் மிச்சமாகாது, விசிறி ஓசையும் இருக்கும். ஆனால் சர்வருக்கும் ஸ்விட்சுக்கும் மட்டும் பணத்தைச் செலவிட்டு, முறை பொருந்துகிறதா என்று ஓராண்டு பார்த்துவிட்டுப் பெட்டிகளை வாங்கலாம்.

யாருக்கு எது?

வளாகத்துக்குள் சர்வர் உள்ள பள்ளி ஆய்வகத்துக்கு, பல நெறிமுறைகளை ஏற்கும் லினக்ஸ் தின் கிளையன்டே என் தேர்வு. அரசுப் பள்ளியில் ஒரு கருவி ஐந்தாண்டில் மாற்றப்படும் என்று எதிர்பார்க்க முடியாது. எட்டு, பத்து ஆண்டு உழைக்க வேண்டியிருக்கும். அத்தனை காலம் ஒரே நிறுவனத்தின் ஒரே நெறிமுறை நிலைக்கும் என்று நம்பி முதல் போடுவது பொதுப்பணத்தில் சூதாடுவது. மலைமேல் உள்ள உறைவிடப் பள்ளிக்கும் இதுவே; பாட வீடியோக்களையும் மின்னூல்களையும் உள்ளூர்ச் சர்வரிலேயே சேமித்து வைத்தால் இணையம் இல்லாத நாளிலும் வகுப்பு நடக்கும். நோயாளர் விவரம் வெளியே போகக்கூடாத மருத்துவமனை, பணப் பரிமாற்றம் நடக்கும் வங்கிக்கிளை இவற்றில், சொந்தத் தொழில்நுட்பப் பணியாளரும் எழுத்துப்பூர்வமான நீண்டகால ஆதரவு ஒப்பந்தமும் இருந்தால் ஜீரோ கிளையன்ட் சிறந்தது. பூட்டுவதற்கு உள்ளே எதுவும் இல்லாததே அதன் காவல். ஐந்து இருக்கைக்குக் குறைவான சிறு அலுவலகத்துக்கு இரண்டும் வேண்டாம். சர்வரின் செலவை ஐந்தால் வகுத்துப் பார்த்தால் காரணம் தெரியும்.

கொள்முதல் ஆணையில் மாதிரியின் பெயரோடு, ஏற்க வேண்டிய நெறிமுறைகள், நிலைபொருள் புதுப்பித்தல் எத்தனை ஆண்டு, சர்வர் பகுதிகளை எத்தனை நாளுக்குள் மாற்றித் தர வேண்டும் என்பவையும் எழுதப்பட வேண்டும். ஒப்புக்கொள்ளும் முன் 20 இருக்கைகளிலும் 20 பிள்ளைகளை உட்காரவைத்து, ஒரே நேரத்தில் நுழைந்து, ஒரு தமிழ்ப் பத்தியைத் தட்டச்சு செய்து, ஒரு வீடியோவை ஓட்டச் சொல்லலாம். நடுவில் மேசைகளுக்கான மின்விசையை அணைத்துப் போட்டு, எழுதிய பத்தி திரும்ப வருகிறதா என்றும் பார்க்கலாம். இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம் ஆகும். ரசீதில் கையெழுத்திடுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.